மோந்து சொன்ன வார்த்தை

கார்முகில் மேல் விழுந்த முதல் அடி உத்திராபதியின் மண்வெட்டிக் காம்பால் விழுந்தது என்றுதான் நெரவிப் பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். முதல் அடி இளையபெருமாளின் வலது உள்ளங்கையால் விழுந்தது. எழுபது பேர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு விழுந்த அடிகளுக்கு நடுவே ஓர் அறை யார் நினைவில் நிற்கும்? இளையபெருமாளின் நினைவில் நின்றது. அவர் கையல்லவா எரிந்தது.

அவரைப் பற்றிச் சொல்ல வந்தால் அடியில் தொடங்குவதுதான் பொருத்தம். அடிபட்டும் அடித்தும் வளர்ந்த ஆள். அப்பா குத்தகைக்கு உழுதவர். மாட்டுக்கு வைத்திருந்த தார்க்குச்சிதான் பிள்ளையின் முதுகுக்கும். பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு கோவில்பத்தில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், ஒரு வருடத்தில் முதலாளியின் பல்லைப் பெயர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். 1991-ல், இருபத்துநான்கு வயதில், எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக ஆளாக எடுத்தார்கள். என்ன வேலை என்றால், கல் உடைக்கிற வேலை. "கோவக்காரருக்குன்னே அளவெடுத்துத் தச்ச உத்தியோகம்" என்று அவர் மனைவி மங்கையர்க்கரசி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உடைத்தார். சும்மா உடைக்கவில்லை, வெறியோடு உடைத்தார். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் துளைபோடும்போது மேலே வருகிற பாறைச் சில்லுகள் துணிப்பைகளில் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கழுவி, காயவைத்து, இரும்பு உரலில் போட்டு இடிக்க வேண்டும். மாவாகிற வரைக்கும் இடிக்க வேண்டும். சில நாள் அப்பாவை நினைத்துக்கொண்டு இடிப்பார், சில நாள் சைக்கிள் கடைக்காரரை. தோள்பட்டை இரண்டும் உருண்டு திரண்டன. அந்த மாவைக் கரைப்பானில் ஊறவைத்து, இருட்டுப் பெட்டிக்குள் வைத்து, ஊதா விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய் இருந்தால் பொன்னிறமாக மின்னும். அன்றைக்கு இருந்த பரிசோதனை ஏறக்குறைய அவ்வளவுதான். மீதியெல்லாம் கண், நாக்கு, மூக்கு.

மூக்கு என்றால் இளையபெருமாளின் மூக்கு. கடவுள் அவருக்குக் கொடுத்த ஒரே நல்ல சாமான் அது. புட்டியைத் திறந்து அரை நொடி முகர்ந்துவிட்டு, எந்தக் கிணற்று எண்ணெய் என்று சொல்லிவிடுவார். இது மெழுகு அதிகம், இது கொஞ்சம் இனிப்பு வாடை, இது காற்றுப் பட்டுக் கெட்டது என்று வரிசையாகச் சொல்வார். படித்த அதிகாரிகள் அசந்துபோவார்கள். 1997-ல் இளையபெருமாளின் ஊர் எல்லையிலேயே ஒரு கிணறு தோண்டினார்கள். தோண்டியது வெளியூர் ஒப்பந்தக்காரர். வந்த சில்லுகள் ஊதா விளக்கில் தீபாவளி மாதிரி மின்னின. பெரிய எண்ணெய் என்று அதிகாரிகள் இனிப்புக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். இளையபெருமாள் பையை முகர்ந்தார். "சார், இது பூமி எண்ணெய் இல்ல, டீசலு" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். விசாரித்துப் பார்த்தால், உள்ளே சிக்கிக்கொண்ட குழாயை வழுக்கி எடுப்பதற்காக ஒப்பந்தக்காரர் ஆட்கள் பீப்பாய் பீப்பாயாக டீசலை ஊற்றியிருக்கிறார்கள், ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அந்தக் கிணற்றில் உண்மையாகவே கொஞ்சம் எண்ணெய் இருந்தது, ஆனால் உழக்கு உழக்காக வருகிற எண்ணெயை வைத்து யார் என்ன செய்வது? சிமெண்டு போட்டு மூடிவிட்டுப் போனார்கள். அந்த வருடம்தான் இளையபெருமாளை நிரந்தரமாக்கினார்கள். ஊரில் அவருக்கு 'மூக்குக்காரர்' என்று பெயரும் விழுந்தது.

பிறகு காலம் அவர் மூக்கைச் சட்டை செய்யாமல் நடக்க ஆரம்பித்தது. முதலில் கல்மாவைச் சுட்டுப் பார்க்கிற மிசின் வந்தது. ஒரு சிட்டிகை மாவைச் சூடேற்றி, எத்தனை டிகிரியில் எவ்வளவு எண்ணெய் விடுகிறது என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியது. அதற்குப் பிறகு எண்ணெயைக் கூறு கூறாகப் பிரிக்கிற மிசின். அதற்கும் பிறகு, பிரித்த ஒவ்வொரு கூறையும் உடைத்து எடைபோடுகிற மிசின். பல கோடி வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு குட்டையில் செத்த பாசியின் எலும்புக்கூட்டை, கண்ணுக்குத் தெரியாத அளவில், அந்த மிசின் எண்ணெய்க்குள் தேடி எடுத்தது. அந்த எலும்புக்கூடு கிணற்றுக்குக் கிணறு வித்தியாசப்படும், மனிதர்களின் கைரேகை மாதிரி. மூக்குக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு எண்ணெயை மிசின் வேறு வேறு என்று பிரித்துவைத்தது. இளையபெருமாள் இரண்டு தடவை அதனோடு மோதினார். இரண்டு தடவையும் தோற்றார்.

அதிகாரிகளின் பேச்சும் மாறிப்போனது. முன்பெல்லாம் பூமிக்கடியில் மேடு எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள், மேட்டில் எண்ணெய் தங்கியிருக்கும் என்று துளைபோடுவார்கள். பாதி துளை வெறுந்துளை. இப்போது பெட்ரோலியம் சிஸ்டம் என்கிறார்கள். அடுப்பு எங்கே, உலையில் என்ன போட்டிருந்தது, எப்போது கொதித்தது, பொங்கி எந்த வழியாக ஓடியது, ஓடி வந்து சேருவதற்கு முன்னாலேயே மூடி இருந்ததா அல்லது எல்லாம் ஓடிப்போன பிறகு வந்த மூடியா என்று கேட்கிறார்கள். இத்தனையையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பதின்மூன்று கோடி வருடத்தைப் பத்து நிமிடப் படமாக ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தை ஓட்டுகிறவள் தமிழ்மொழி, இருபத்தாறு வயது, தருமபுரத்துப் பெண். மிசினுக்கும் அவள்தான் பொறுப்பு. நல்ல பிள்ளை. இளையபெருமாளிடம் அவளுக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதைதான் அவருக்குக் குத்தியது. கோயிலில் பழைய தேரை எல்லோரும் தொட்டுக் கும்பிடுவார்களே, அந்த மாதிரி மரியாதை.

ஆய்வுக்கூடத்தில் போனது போகட்டும், ஊரில் அவர் இன்னும் மூக்குக்காரர்தான். கிணற்றுத் தண்ணீரில் வாடையா, கூப்பிடு இளையபெருமாளை. பங்க்கில் போட்ட பெட்ரோலில் கலப்படமா, கூப்பிடு. அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த அழைப்பில்தான் மனிதர் உயிரோடிருந்தார்.

2021-ல் கொரோனா வந்தது. பதினெட்டு நாள் படுக்கை. எழுந்து வந்தபோது மங்கையர்க்கரசி வைத்த மீன்குழம்பு வெறும் சூடாக மட்டும் இருந்தது. எல்லோருக்கும் போல திரும்பி வரும் என்று பார்த்தார். வரவில்லை. மல்லிகைப்பூ, மண்ணெண்ணெய், பினாயில், சாக்கடை, எல்லாம் ஒன்றுதான், எதுவுமில்லை. மனைவியிடம் சொன்னாரா என்றால் இல்லை. டாக்டரிடம் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. ஊரில் கூப்பிட்டபோது போனார், முகர்ந்தார், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு எதையாவது சொன்னார். பாதி சரியாக இருந்தது, மீதியை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வெட்கங்கெட்ட வேலைதான், வேறு என்ன சொல்ல. மூக்குப் போனது நோயால், அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் போன மூக்கை இருக்கிற மாதிரி தூக்கிக்கொண்டு ஐந்து வருடம் அலைந்தது அவர் குற்றம்.

இந்தத் தை மாதம் பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலையில் உத்திராபதியின் வயலில் எண்ணெய் ஊறியது. சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. மறுநாள் அறுப்பு மிசின் வருவதாக இருந்தது. மூன்று மா நிலத்தில் இரண்டு மா கறுப்பு. தாளின் அடியில் கன்னங்கரேலென்று பிசுக்கு, கதிரெல்லாம் அதில் தோய்ந்து கிடக்கிறது. வயலின் வடவரம்பை ஒட்டி, பூமிக்கடியில் கம்பெனியின் எண்ணெய்க் குழாய் போகிறது, ஊர் அதை லைன் என்று சொல்லும். உத்திராபதி வரப்பில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து வயல்காரர்களோடு ஊரும் வந்து கூடிவிட்டது. வாய்க்காலில் இறங்கினால் அடுத்தடுத்த வயலும் போகும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கார்முகில் வந்து சேர்ந்தான். குழாய் போகிற வழியெல்லாம் தினமும் நடந்து, கசிவு இருக்கிறதா, யாராவது தோண்டியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. ஒப்பந்தக் கூலி. முப்பத்துநாலு வயது, ஆரஞ்சுச் சட்டை, கையில் ஒரு மூங்கில் தடி. அதே ஊர்க்காரன். அவன் மனைவி பூவாயி மங்கையர்க்கரசிக்குத் தூரத்துச் சொந்தம். கூட்டத்தைப் பார்த்ததும் அவன் ஓடிவந்து வயலில் இறங்கினான், கம்பெனிக்குப் போன் போட்டான். அங்கிருந்தவர்கள் கருவியைப் பார்த்துவிட்டு, குழாயில் அழுத்தம் குறையவில்லை, கசிவு இல்லை என்றார்கள். அதை அவன் சத்தமாகவே எல்லோருக்கும் சொன்னான்.

"கசிவு இல்லாம என்னடா, எம் பாட்டன் வந்து ஊத்திட்டுப் போனாரா?" என்று உத்திராபதி எழுந்தார்.

"கோவப்படாதீங்க மாமா. ஆளுங்க வர்றாங்க, தோண்டிப் பாத்துடுவாங்க."

இளையபெருமாள் வேலைக்குக் கிளம்பி அந்த வழியாகப் பைக்கில் வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. "மூக்குக்காரர் வந்துட்டாருப்பா, அவரு சொல்லட்டும்" என்று யாரோ சொன்னார்கள். சத்தம் அடங்கியது. எழுபது முகமும் அவர் முகத்தைப் பார்த்தன. ஐம்பத்தெட்டு வயதில் ஒருவருக்கு இதைவிட என்ன போதை வேண்டும்? பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு விரலில் பிசுக்கைத் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்தாலும் அவருக்கு அப்படித்தான்.

அப்போது அவர் சொல்லியிருக்க வேண்டியது ஒரே சொல். தெரியவில்லை என்கிற அந்தச் சொல். அது வாயில் வரவில்லை. "லைன் எண்ணெய்தான்" என்றார். அதோடாவது நிறுத்தினாரா? "புதுசு. நேத்து ராத்திரி வந்தது" என்று அதற்கு மேல் கண்ணும் மூக்கும் வைத்தார்.

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. லைன் எண்ணெய், ஆனால் கசிவு இல்லை, அதுவும் நேற்று ராத்திரி. அப்படியென்றால் எவனோ குழாயில் ஓட்டை போட்டு உறிஞ்சியிருக்கிறான், மிச்சம் வயலில் வழிந்திருக்கிறது. லைன் பார்க்கிறவனுக்குத் தெரியாமல் நடக்குமா? பார்க்கிறவனே செய்திருந்தால்? மூன்று வாயில் புகுந்து வெளியே வருவதற்குள் சந்தேகம் தீர்ப்பாகிவிட்டது.

கார்முகில் பயந்துபோனான். குனிந்து பிசுக்கை அள்ளித் தானும் முகர்ந்தான். "அண்ணே, நல்லா மோந்து பாருங்கண்ணே. ஒரு மாதிரி மக்குன வாடை அடிக்குது. பழசு மாதிரி இருக்குண்ணே. டீசலு வாடையும் வருது" என்று கையை இளையபெருமாளின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

அப்போதுதான் இளையபெருமாள் அறைந்தார். பையன் தடுமாறிச் சேற்றில் விழுந்தான். "எனக்கே சொல்லித்தர்றியாடா? லைன்ல நடக்குற பய நீ" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஓர் அறை, மடையைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. உத்திராபதியின் மண்வெட்டிக் காம்பு தொடையில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் வரப்பு வரைக்கும் கேட்டது. நாலு பேர் மயிரைப் பிடித்து இழுத்து வரப்பில் போட்டார்கள். உதைத்தார்கள். அவன் கையிலிருந்த மூங்கில் தடியைப் பிடுங்கி, அதனாலேயே முகத்தில் குத்தினார்கள். "நான் இல்லய்யா, எம் புள்ள மேல சத்தியமா நான் இல்ல" என்று அவன் கத்த, வாயில் எண்ணெய்ச் சேற்றை அள்ளி அடைத்தார்கள். அறுக்க வேண்டிய கதிரை எல்லாம் மிதித்துத் துவைத்துக்கொண்டு அடித்தார்கள். தன் நெல்லைத் தானே மிதிக்கிறோம் என்று உத்திராபதிக்குக்கூடத் தெரியவில்லை. இடது கண்ணிலிருந்து ரத்தமும் வேறு ஏதோ ஒன்றும் வழிந்த பிறகுதான் இரண்டு பெண்கள் குறுக்கே விழுந்து மறித்தார்கள். இளையபெருமாள் எங்கே நின்றார்? பைக்கின் பக்கத்தில் நின்றார். விடுங்கடா என்று ஒரு தடவை சொன்னார். அவர் காதுக்கே கேட்காத குரலில் சொன்னார்.

போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. கார்முகில் மேல் எண்ணெய்த் திருட்டு என்று புகார் எழுதினார்கள். சாட்சி யார் என்றால், லைன் எண்ணெய் என்று உறுதியாகச் சொன்ன இளையபெருமாள். அடித்தது யார் என்றால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் காலுக்குக் கம்பி வைத்தார்கள். கண்ணை எடுத்துவிட்டார்கள். கட்டிலின் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தொடை தேறியதும் ஜெயிலுக்கு என்று பேச்சு.

வயலிலிருந்து இளையபெருமாள் ஒரு கண்ணாடிப் புட்டியில் எண்ணெயை எடுத்து வந்திருந்தார். பழக்கம், வேறொன்றுமில்லை. பிளாஸ்டிக் பட்டால் எண்ணெயின் ரேகை கெடும் என்பதால் மூடிக்குள் அலுமினியத் தாளும் வைத்திருந்தார். அதைத் தமிழ்மொழியிடம் கொடுத்து, "மேலேருந்து கேக்குறாங்கம்மா" என்றார். யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவர் சோற்றில் கை வைக்க முடியாமல் எழுந்துவிட்டார் என்பதுதான் உண்மை.

தமிழ்மொழி மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அய்யோ, என்ன சார் இப்படி மக்கி நாறுது. பழைய ஒர்க்‌ஷாப்புக்குள்ள நுழைஞ்ச மாதிரி. உங்களுக்குத் தெரியலயா?"

"சளிம்மா" என்றார்.

எண்ணெயைக் கழுவி, கூறு கூறாகப் பிரித்து, மிசினுக்குக் கொடுத்து, பழைய எண்ணெய்களின் ரேகைகளோடு ஒப்பிட்டு முடிக்க மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் அவர் மிசின் அறைப் பக்கம் போய்ப் போய் எட்டிப்பார்த்தார். லைன் எண்ணெயாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டார். அப்படி வேண்டினால் கார்முகில் திருடனாகிறான் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டார்.

நாலாம் நாள் தமிழ்மொழி கம்ப்யூட்டர் முன்னால் கூப்பிட்டாள். லைன் எண்ணெயின் கோடு சீப்புப் பல் மாதிரி வரிசையாக நின்றது, அது மெழுகு. வயல் எண்ணெயில் அந்தப் பல்லெல்லாம் உதிர்ந்துபோயிருந்தன. "மண்ணுல இருக்கற கிருமி முதல்ல மெழுகத்தான் சார் தின்னும். ஒரு ராத்திரில ஆகாது. இருபது வருசத்துக்கு மேல புதைஞ்சு கெடந்த எண்ணெய் இது" என்றாள். "பாசியோட எலும்புக்கூட்ட கிருமியால திங்க முடியல. அத வச்சுத் தேடினேன். லைன்ல போற எந்தக் கிணத்தோடயும் சேரல. சேர்ந்தது ஒண்ணே ஒண்ணு. உங்க ஊருல தொண்ணூத்தேழுல மூடுன கிணறு. கூடவே டீசலோட மிச்சமும் கெடக்கு. அங்க டீசல் ஊத்துனதா பழைய ஃபைல்லயே இருக்கு சார். உங்க கையெழுத்து."

அவருக்கு விளங்கிவிட்டது. ஒப்பந்தக்காரர் ஆட்கள் போகும்போது டீசலும் எண்ணெயும் கலந்த சேற்றை ஒரு குழியில் தள்ளி, பாலிதீன் விரிப்பைப் போட்டு மூடி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். இருபத்தெட்டு வருடம் கழித்து, இந்த வருட மழையில் தண்ணீர் உள்ளே இறங்கி அதை மேலே தூக்கிவிட்டது. மறுநாளே ஆட்கள் போய்த் தோண்டினார்கள். உத்திராபதி வயலுக்குத் தெற்கே, மூடிய கிணற்றை ஒட்டிய தரிசில், கிழிந்த பாலிதீனோடு குழி இருந்தது. லைனில் ஊசி குத்தின ஓட்டைகூட இல்லை. கார்முகில் முகர்ந்து சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சரி.

அறிக்கை போலீசுக்குப் போனது, திருட்டுப் புகாரை எடுத்துவிட்டார்கள். நாற்காலிப் போலீஸ்காரர் எழுந்து போனார். இளையபெருமாள் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மங்கையர்க்கரசியும் அதைத்தான் சொன்னார். "ஊரு இப்ப கொதிச்சுப்போய்க் கெடக்குங்க. அடிச்சவங்கள போலீசு தேட ஆரம்பிச்சிருச்சு. நீங்க பேசாம இருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியிருந்தது. அவர் போய் நின்றார். அடித்தவர்கள் யார் யாரென்று போலீசில் பெயர் சொல்லப்போவதாகவும், தன் பெயரை முதலில் சொல்லப்போவதாகவும் சொன்னார்.

உத்திராபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "யோவ், நீதானய்யா மோந்து சொன்ன. நேத்து ராத்திரி வந்ததுன்னு நீதானய்யா சொன்ன. ஒன்ன நம்பித்தானய்யா நாங்க கைய வச்சோம்."

"ஆமா. நாஞ்சொன்னதுதான்."

"இப்ப எங்க பேரச் சொல்லி உள்ள தள்ளுவியா நீ?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரேஷன் கடைக் கதவுக்குப் பூட்டுப்போடும் இரும்புப் பட்டையை எடுத்து உத்திராபதி அவர் வாயில் அடித்தார். முன்பல் இரண்டும் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. கீழே விழுந்தவரைச் செருப்புக்காலோடு மிதித்தார்கள். விலா எலும்பு மூன்று முறிந்தது. அன்றைக்குக் கார்முகிலை அடித்த அதே கைகள்தான், அதே கால்கள்தான். திருப்பி அடிக்க இளையபெருமாளுக்குத் தோளில் இன்னும் பலம் இருந்தது, கல் இடித்த தோள். தூக்கவில்லை. தலையை மட்டும் கையால் மூடிக்கொண்டு கிடந்தார். தெருவில் போன ஆட்டோக்காரர் இஃபாத் இறங்கி வந்து, தானும் நாலு அடி வாங்கிக்கொண்டு, அவரை இழுத்து வண்டியில் போட்டார். பெயர்களை இளையபெருமாள் ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னார். தன் பெயரை முதலில் சொன்னார். ஒருவரையும் விடவில்லை.

ஆண்கள் வார்டில் அவரைப் போட்ட கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளிக் கார்முகில் கிடந்தான். காலில் கம்பி, கண்ணில் கட்டு. மருந்து மயக்கத்தில் பெரும்பாலும் தூங்கினான். பூவாயி தரையில் பாய் விரித்து அங்கேயே இருந்தாள். முதல் நாள் அவள் இளையபெருமாள் பக்கம் திரும்பவில்லை. இரண்டாம் நாள் காலை, கணவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, மீதியை ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"குடிங்கண்ணே. மெல்ல முடியாதுன்னு டாக்டரு சொன்னாங்க, தண்ணியாத்தான் இருக்கு."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் டம்ளரைப் பார்த்தார்.

"நான் ஒங்கள நெனச்சு வயிறெரிஞ்சேன்ணே. பொய் சொல்லல. சாபங்கூட விட்டேன்" என்றாள் பூவாயி. "ஆனா ஊருல ஒருத்தனுக்கும் இல்லாத நெஞ்சு ஒங்களுக்கு இருந்துச்சு. வந்து நின்னு சொன்னீங்க, அடி வாங்குனீங்க. மூக்கு ஒரு நாளு தப்பா சொல்லிடுச்சு. மனுசனுக்குத் தப்பு வர்றதுதானே. அவருகிட்டயும் அதத்தான் சொன்னேன். விடுங்கன்னு சொன்னேன். சரின்னுட்டாரு."

டம்ளரைக் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. குடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவளே முடித்துவைத்துவிட்டாள். புருசனும் சரியென்றுவிட்டான். மூக்குப் போன கதை இந்த உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. இளையபெருமாளுக்கு அழுகை வந்தது. ஆனால் டம்ளரை அவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"மூக்கு தப்பா சொல்லல பூவாயி" என்றார். கிழிந்த உதட்டோடு வார்த்தை சரியாக வரவில்லை. மறுபடியும் சொன்னார். "எனக்கு மூக்கே கெடையாது. கொரோனாவுல போச்சு. அஞ்சு வருசமா ஒரு வாடையும் தெரியாது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "அன்னைக்கு மோந்தீங்களே."

"மோந்தேன். ஒண்ணுந் தெரியல."

"ஒண்ணுந் தெரியாமயா சொன்னீங்க?"

"ஆமா."

"தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னாங்க."

பூவாயி திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கண்கட்டிலிருந்து அவள் பார்வையை எடுக்க நேரமாயிற்று.

"நல்லா மோந்து பாருங்கண்ணேன்னு கெஞ்சுனாரே" என்றாள். "அதுக்குத்தான் அறைஞ்சீங்களா?"

"அதுக்குத்தான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. குனிந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எதிர்க் கட்டிலில் குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்த பெரியவரிடம் போய், "கஞ்சி குடிக்கிறீங்களாய்யா?" என்று கேட்டுக் கொடுத்தாள். பிறகு பாயை எடுத்துக் கணவன் கட்டிலின் அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், கார்முகில் எழுந்ததும் அவனிடம் சொல்வதற்காக.